கூகிள் தேடலில் கீழே வரும் விளம்பரத்துக்குக் காசு கட்டலாமா? யாழ்ப்பாணத்துச் சிறு வியாபாரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கூகிளில் விளம்பரம் போடுகிற கடைக்காரர் யாரோடு கதைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கட விளம்பரம் முதலாவதா வருதோ?" வாகன வாடகை, விருந்தினர் விடுதி, கல்யாண மண்டபம், வெளிநாட்டுக்கு மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பார்சல் அனுப்புகிறவர்கள் என்று எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். முதலாவதாக வராவிட்டால் காசு வீண் என்ற எண்ணம் ஊரில் நன்றாக ஊறிவிட்டது. அந்த எண்ணத்தால் கிளிக் விலையை (ஒருவர் விளம்பரத்தை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கூகிளுக்குக் கட்டும் காசை) ஏற்றிக்கொண்டே போய், மாத முடிவில் "கூகிள் எங்களுக்குச் சரிவராது" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். கீழ் இடத்து விளம்பரம் சிறிய பட்ஜெட் உள்ள பெரும்பாலான வியாபாரங்களுக்கு இலாபமானது, சில வகைத் தேடல்களுக்கு மட்டும் அது உதவாது. உங்களுடையது எந்த வகை என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். அந்தக் கணக்குத்தான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி, அவசரம் உள்ளவர்கள் நேரே அங்கே போகலாம்.

"கீழே" என்றால் எங்கே?

2016 பெப்ரவரி வரைக்கும் கணினியில் தேடினால் பக்கத்தின் வலது ஓரத்திலும் விளம்பரங்கள் வரிசையாக வரும். கூகிள் அதை எடுத்துவிட்டது. இப்போது மேலே நான்கு வரைக்கும் வரும், மிச்சம் பக்கத்தின் அடியில் வரும். 2019 செப்டம்பர் வரைக்கும் "சராசரி இடம் 3.2" என்று ஓர் எண்ணை அறிக்கையில் காட்டினார்கள். அதையும் நிறுத்திவிட்டு, உங்கள் விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை வீதம் மேற்பகுதியில் வந்தது, எத்தனை வீதம் எல்லாவற்றுக்கும் முதலாக வந்தது என்று இரண்டு எண்களை மட்டும் தருகிறார்கள். ஆகவே "நான் நாலாவது இடமா, ஐந்தாவது இடமா" என்று யாராவது இன்றைக்கும் சொன்னால் நம்பவேண்டாம், அப்படி ஓர் எண் அறிக்கையில் இல்லை.

நடைமுறையில் மூன்று நிலைதான் உண்டு: எல்லாருக்கும் முதலாவது, மேற்பகுதியில் மற்ற இடங்கள், பக்கத்தின் அடி. இரண்டாம் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம். கொஞ்சக் காலம் பக்கம் முடியாமல் கீழே ஓடிக்கொண்டே இருந்தது, 2024இல் அதையும் நிறுத்திவிட்டதால் அடுத்த பக்கத்துக்கு வருகிற ஆட்கள் மிகக் குறைவு.

இடம் எப்படிக் கிடைக்கிறது, காசு எப்படி வெட்டப்படுகிறது

ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம் நடக்கிறது. ஒரு கிளிக்குக்கு இதற்குமேல் தரமாட்டேன் என்று நீங்கள் சொன்ன உச்ச விலை மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்தத் தேடலுக்கு உங்கள் விளம்பரம் எவ்வளவு பொருத்தம், ஆட்கள் கிளிக் பண்ணுவார்களா, வந்து இறங்கும் பக்கம் நல்லதா, தேடுகிறவர் எங்கே எந்தச் சாதனத்தில் இருக்கிறார் என்று எல்லாம் சேர்ந்துதான் வரிசை அமைகிறது. நீங்கள் கட்டுவதும் உங்கள் உச்ச விலையை அல்ல, உங்களுக்குக் கீழே நிற்பவரை முந்தவும் கூகிள் வைத்திருக்கும் ஆகக்குறைந்த தரத்தைத் தாண்டவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்.

இதில் கவனிக்கவேண்டிய இடம் இது. மேலே ஒரு படி ஏறும்போது புதிதாகக் கிடைக்கும் கிளிக்குகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே நின்றிருந்தாலும் மலிவாகக் கிடைத்திருக்கக்கூடிய பழைய கிளிக்குகளுக்கும் சேர்த்தே விலை கூடுகிறது. மேல் இடம் ஏன் பல நேரம் கட்டுபடியாகாமல் போகிறது என்பதற்கு முழுக் காரணமும் இதுதான்.

கீழே இருந்து வருகிறவர் வாங்குவாரா?

இரண்டு விதமாகச் சொல்லுவார்கள். கீழே வரைக்கும் இறங்கிப் பார்ப்பவர்தான் உண்மையில் வாங்க நினைப்பவர் என்று ஒரு கதை, கீழே இருந்து வருகிறவர் சும்மா விலை கேட்டுவிட்டுப் போவார் என்று இன்னொரு கதை. கூகிளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன் 2009 ஓகஸ்டில் இதைப் பற்றி எழுதினார். ஒரே விளம்பரம் வெவ்வேறு இடங்களில் வரும்போது, கிளிக் பண்ணியவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பது பெரிதாக மாறுவதில்லை என்பதே அவர்கள் கண்டது. 11 விளம்பரங்கள் வந்த பக்கங்களில்கூட வேறுபாடு 5 வீதத்துக்கும் குறைவு. அது கைத்தொலைபேசிக்கு முந்திய காலம், ஆய்வும் கூகிளுடையதே, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அடிப்படை நியாயமானது: ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வந்து இறங்கிய பிறகு, எந்த இடத்து விளம்பரத்தால் வந்தார் என்பதைவிட உங்கள் விலையும் படங்களும் பதில் சொல்லும் வேகமும்தான் அவரை வாங்க வைக்கின்றன.

கீழே போனால் வருகிற ஆட்களின் எண்ணிக்கை குறையும், அது நிச்சயம். ஆளின் தரம் பெரிதாகக் குறைவதில்லை. இதை வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

படி 1: ஒரு கிளிக் உங்களுக்கு எவ்வளவு பெறுமதி?

சாரதியோடு வான் வாடகைக்கு விடுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, உங்களுடையதை மாற்றிப் போடுங்கள்). எரிபொருள், சாரதி சம்பளம், தேய்மானம் எல்லாம் கழித்து ஒரு பயணத்தில் மிஞ்சுவது 6,000 ரூபா. விளம்பரத்தால் வருகிற 20 பேரில் ஒருவர் வானை எடுக்கிறார். அப்படியென்றால் ஒரு கிளிக்கின் பெறுமதி 6,000 / 20 = 300 ரூபா.

விற்பனைத் தொகையைப் போடவேண்டாம், மிஞ்சுவதைப் போடுங்கள். 25,000 ரூபா வாடகை வாங்கினேன் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த விலையும் மலிவாகத்தான் தெரியும்.

20 பேரில் ஒருவர் என்பதை எப்படி அறிவது? எங்கள் ஊரில் யாரும் இணையத்தளத்தில் காசு கட்டி ஓடர் பண்ணுவது குறைவு, வட்ஸ்அப்பில் கேட்பார்கள் அல்லது அழைப்பார்கள். ஆகவே விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் வையுங்கள். அதில் உள்ள வட்ஸ்அப் இணைப்பில், திறந்தவுடன் தானாக வந்து நிற்கும் ஒரு வசனத்தை எழுதிவிடலாம். உதாரணமாக "வணக்கம், வான் வாடகை விபரம் வேண்டும் - நல்லூர்". அந்தக் கடைசிச் சொல் விளம்பரப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், மற்றப் பக்கங்களில் வேறு சொல் இருக்கட்டும். பிறகு வட்ஸ்அப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரத்தால் வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள், அதில் யார் வாங்கினார் என்று எண்ணுவது ஐந்து நிமிட வேலை. சிலர் வசனத்தை அழித்துவிட்டுத் தாங்களே எழுதுவார்கள், பரவாயில்லை, போக்குத் தெரிந்தால் காணும். வட்ஸ்அப் பொத்தானை அழுத்துவதையும் அழைப்பு எண்ணை அழுத்துவதையும் கூகிள் விளம்பரக் கணக்கில் கொன்வேர்ஷனாக, அதாவது விளம்பரத்தால் கிடைத்த பலனாக, பதியவையுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன, சொல்லப்போகும் ஒன்றையும் அளக்கமுடியாது.

படி 2: அடுத்த கிளிக்கின் விலையைப் பாருங்கள்

அதே வான்காரர் மூன்று விதமாக விலை வைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே: மாதம் 100 கிளிக், ஒன்று 60 ரூபா. செலவு 6,000. ஐந்து பயணம், 30,000 மிஞ்சும். விளம்பரச் செலவு போக 24,000.

நடுவில்: 130 கிளிக், ஒன்று 95 ரூபா. செலவு 12,350. சராசரியாக ஆறரைப் பயணம், அதாவது 39,000. செலவு போக 26,650.

உச்சியில்: 160 கிளிக், ஒன்று 150 ரூபா. செலவு 24,000. எட்டுப் பயணம், 48,000. செலவு போக 24,000.

உச்சியில் ஒரு கிளிக்கின் சராசரி விலை 150, பெறுமதியோ 300, ஆகவே நல்ல இலாபம் என்றுதான் மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். விளம்பரம் செய்து கொடுக்கிறவர்கள் காட்டுகிற அறிக்கையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நடுவிலிருந்து உச்சிக்குப் போக அவர் கூடுதலாகக் கட்டியது 11,650 ரூபா, கூடுதலாகக் கிடைத்தது 30 கிளிக். அந்த முப்பதில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 388 ரூபா விழுந்திருக்கிறது. 300 ரூபா பெறுமதியான பொருளை 388 கொடுத்து வாங்கியிருக்கிறார். சராசரி விலை இதை மறைத்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். கீழேயும் உச்சியிலும் மாத முடிவில் கையில் நிற்பது ஒரே 24,000தான், ஆனால் உச்சியில் அதற்கு நான்கு மடங்கு காசு முன்கூட்டியே கொட்டவேண்டும், மூன்று பயணம் கூட ஓடவேண்டும். நல்லூரில் திருவிழாக் காலத்தில் கோயிலுக்குக் கிட்டக் கடை போட்டால் சனம் கூட வரும்தான், ஆனால் கடை வாடகையைக் கழித்த பிறகுதான் இலாபத்தைச் சொல்லமுடியும், இதுவும் அதேதான்.

கீழேயிருந்து நடுவுக்கு ஏறியது மட்டும் சரியான ஏற்றம்: 30 கிளிக்குக்கு 6,350 கூடுதல், ஒன்று 212 ரூபா, 300க்குள் அடங்குகிறது. ஆகவே அடிமட்ட விலையில் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசியாக வாங்கும் கிளிக்கின் விலை உங்கள் பெறுமதியைத் தொடும் வரைக்கும் ஏறுங்கள், அதற்குமேல் ஏறவேண்டாம். சில கணக்குகளில் உச்ச விலையை மாற்றினால் எத்தனை கிளிக், எவ்வளவு செலவு என்று ஊகித்துக் காட்டும் சிமுலேட்டர் இருக்கும். அதில் இரண்டு வரிகளை எடுத்து, செலவின் வித்தியாசத்தைக் கிளிக்கின் வித்தியாசத்தால் பிரித்தால் இந்த எண் வந்துவிடும். தேடல் குறைவாக இருந்தால் அது வராது, அப்போது படி 6ஐப் பாருங்கள்.

படி 3: பட்ஜெட் முடிகிறதா என்று பாருங்கள்

இங்கேதான் எங்கள் ஊர்க் கணக்குகளில் பாதிக்குமேல் மாட்டுப்படுகின்றன. நாள் பட்ஜெட் 1,000 ரூபா, கிளிக் 150 என்றால் ஆறு கிளிக். அதே 1,000க்குக் கிளிக் 60 என்றால் பதினாறு. வாங்குகிற வீதம் ஒன்றுதான் என்றால் பதினாறு கிளிக் எப்போதும் மேல். அறிக்கையில் "பட்ஜெட்டால் இழந்த இம்ப்ரெஷன் பங்கு" என்று ஒரு நிரலைச் சேர்க்கலாம், காட்டப்பட்டிருக்கக்கூடிய தடவைகளில் எத்தனை வீதம் காசு முடிந்ததால் தவறிப்போனது என்பதுதான் அது. அது பெரிதாக இருந்து, அதே நேரம் மேற்பகுதியில் வரும் வீதமும் உயர்வாக இருந்தால், நீங்கள் குறைந்த ஆட்களுக்குத் தேவையில்லாத விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிளிக் விலையை இறக்குங்கள். பட்ஜெட்டை ஏற்றுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

படி 4: எந்தத் தேடலுக்கு மேலே, எதற்குக் கீழே

ஆறுதலாக ஒப்பிட்டு முடிவெடுக்கும் விடயங்களுக்குக் கீழ் இடம் நன்றாக வேலை செய்யும். கல்யாண மண்டபம், மணவறை அலங்காரம், வீடியோ, நல்லூர்த் திருவிழாவுக்கு அறை, காணி, வெளிநாட்டுக்குப் பார்சல். இவற்றைத் தேடுகிறவர் ஒன்றோடு நிற்கமாட்டார், நான்கைந்து பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு வீட்டில் எல்லாரோடும் கதைத்துத்தான் முடிவெடுப்பார். அந்த நான்கைந்தில் ஒன்றாக இருப்பது போதுமானது.

அவசரத் தேடல் வேறு. ஏ9 வீதியில் வாகனம் பழுதாகி நிற்பவர், இரவில் பல்வலியோடு வைத்தியரைத் தேடுபவர், பலாலி விமான நிலையத்தில் இறங்கி வெளியில் நின்று டாக்ஸி தேடுபவர். கையில் தொலைபேசி, சிறிய திரை, மேலே இருப்பதை அழுத்தி அழைப்பார், அவர் பதில் சொன்னால் விடயம் முடிந்தது. இங்கே அடியில் நிற்பதில் பிரயோசனம் இல்லை. மேலே நிற்கக் கட்டுபடியாகாவிட்டால், அந்தச் சொற்களை நிறுத்திவிட்டு அந்தக் காசை வேறு சொற்களுக்குப் போடுவது நல்லது.

உங்கள் கடைப் பெயரையே ஒருவர் தேடினால் அங்கே முதலாவதாக நில்லுங்கள். பொருத்தம் உயர்வாக இருப்பதால் விலையும் குறைவாகத்தான் வரும்.

தமிழில் எழுதித் தேடுவதையும் மறக்கவேண்டாம். ஒரே விடயத்தை எங்கள் ஆட்கள் ஆங்கிலத்திலும் தேடுவார்கள், தமிழிலும் தேடுவார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியும் தேடுவார்கள். தமிழ்ச் சொற்களுக்குப் போட்டி போடுகிறவர்கள் பெரும்பாலும் குறைவு, ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் நிற்கும் அதே விலை தமிழ்ச் சொல்லுக்கு உங்களை மேலே கொண்டுபோய் நிறுத்தலாம். தேடல் குறைவுதான், வருகிற ஆள் உங்களுக்கானவர்.

படி 5: குப்பையை வெளியே எடுங்கள்

கீழ் இடம் சரிவரவில்லை என்று சொல்கிற கணக்குகளைத் திறந்தால், பல நேரம் பிரச்சினை வேறெங்கோ இருக்கும். விளம்பரம் தொடங்கும்போது தேடலோடு டிஸ்பிளே வலைப்பின்னலையும் (மற்ற இணையத்தளங்களிலும் செயலிகளிலும் வரும் விளம்பரம்) தேடல் பங்காளித் தளங்களையும் (கூகிளோடு சேர்ந்த வேறு தேடல் தளங்கள்) சேர்த்துவிடும் பெட்டிகள் இருக்கும், இரண்டையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் எந்தக் கிளிக் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது கரைச்சல்.

அடுத்தது இடம். யாழ்ப்பாணம் என்று தெரிவு செய்தாலும், யாழ்ப்பாணத்தில் ஆர்வம் காட்டும் வெளிநாட்டவருக்கும் காட்டு என்பதுதான் வழமையாக வந்து நிற்கும் தெரிவு. ஊரில் இருப்பவருக்கு மட்டும் விற்கும் கடை என்றால் அதை "இங்கே இருப்பவர்கள்" என்று மாற்றவேண்டும். ஸ்காபுரோவிலோ இலண்டனிலோ இருந்து அறை பதிவு செய்கிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர் என்றால், அவர்களுக்குத் தனியாக ஒரு கம்பெய்ன் (தனிப் பட்ஜெட்டும் அமைப்பும் உள்ள விளம்பரத் தொகுதி) போடுங்கள். அங்கே போட்டியும் வேறு, கிளிக் விலையும் வேறு, ஆகவே உங்களுக்குச் சரியான இடமும் வேறு. நேரத்தையும் பாருங்கள்: கோடையில் ரொறன்ரோவில் மதியம் 12 மணி என்றால் இங்கே இரவு 9.30. விளம்பர நேர அட்டவணை உங்கள் கணக்கின் நேரப்படிதான் ஓடும். அந்த நேரத்தில் வட்ஸ்அப்புக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால், எந்த இடத்தில் நின்றும் பலனில்லை.

படி 6: அறிக்கையில் பார்த்து, பிறகு சோதித்துப் பாருங்கள்

கம்பெய்ன் பக்கத்தில் செக்மென்ட் என்ற பொத்தானுக்குள் "டொப் / அதர்" என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு வரி விரியும்: மேற்பகுதியில் வந்தவை, மற்ற இடங்களில் வந்தவை. இரண்டுக்கும் கிளிக், செலவு, கொன்வேர்ஷன் தனித்தனியாக இருக்கும். ஒரு கொன்வேர்ஷனுக்கு எவ்வளவு விழுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிளிக் வீதத்தை (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை வீதம் கிளிக் ஆனது என்பதை) ஒப்பிடவேண்டாம், அது கீழே எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்தே பலர் விலையை ஏற்றுகிறார்கள். கிளிக் வீதம் குறைந்தால் தரப் புள்ளியும் (விளம்பரத்தின் தரத்துக்குக் கூகிள் பத்துக்குப் போடும் புள்ளி) விழுந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை, கூகிள் அதைக் கணிக்கும்போது விளம்பரம் நின்ற இடத்தின் தாக்கத்தைக் கழித்துத்தான் பார்க்கிறது.

ஆனால் இந்த அறிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்கவேண்டாம். மேலே வந்த தேடல்களும் கீழே வந்த தேடல்களும் ஒரே மாதிரியானவை அல்ல, போட்டி கூடிய சொல்லில் கீழே நின்றிருப்பீர்கள், குறைந்த சொல்லில் மேலே. சரியாக அறிய விலையை மாற்றிப் பார்க்கவேண்டும். கூகிள் கணக்குக்குள்ளேயே எக்ஸ்பெரிமென்ட் என்ற வசதி உண்டு, தேடல்களைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு விலையில் ஓடவிடலாம். கிளிக் குறைவான சிறிய கணக்கு என்றால் இரண்டு கிழமை ஒரு விலை, அடுத்த இரண்டு கிழமை இன்னொரு விலை, பிறகு திரும்பவும் முதல் விலை என்று மாற்றிப் போடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும், பாடசாலை விடுமுறையையும், வெளிநாட்டு ஆட்கள் வந்து நிற்கும் டிசம்பரையும் ஒரு விலை ஓடும் காலத்தில் மட்டும் விழவிடக்கூடாது, விழுந்தால் விலையின் தாக்கமா, சீசனின் தாக்கமா என்று தெரியாது. இந்த நாட்களில் வேறு எதையும் மாற்றவேண்டாம், விளம்பர வசனத்தைக்கூட.

உங்கள் விளம்பரத்தை நீங்களே கூகிளில் தேடித் தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள், கடை முழுக்க எல்லாரும் தேடிப் பார்த்தால் அறிக்கை கெட்டுவிடும். கணக்குக்குள் விளம்பர முன்னோட்டக் கருவி இருக்கிறது, அதில் பாருங்கள்.

கீழே நிற்பதற்குக் காரணம் விலை இல்லை என்றால்

சில விளம்பரங்கள் விலை குறைவு என்பதால் கீழே நிற்பதில்லை, தரம் குறைவு என்பதால் நிற்கின்றன. இது வேறு நோய். தரப் புள்ளி பத்துக்கு மூன்று, நான்கு என்று இருந்தால் நீங்கள் கீழ் இடத்துக்கும் கூட விலை கட்டிக்கொண்டிருப்பீர்கள், அப்போது "கீழ் இடம் மலிவு" என்ற கதையே பொருந்தாது. புள்ளியின் மூன்று கூறுகளும் (எதிர்பார்க்கும் கிளிக் வீதம், விளம்பரத்தின் பொருத்தம், இறங்கும் பக்கம்) தனித்தனியாகத் தெரியும், "சராசரிக்குக் கீழ்" என்று எதற்குப் போட்டிருக்கிறது என்று பார்த்து அதைத் திருத்துங்கள். நான் பார்த்த அளவில் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் பிழைப்பது இறங்கும் பக்கம்தான். விளம்பரத்தில் வான் வாடகை, அழுத்தினால் கடையின் முகப்புப் பக்கம், அங்கே பெரிய படம் ஒன்று ஆறுதலாகத் திறக்கும், வானையே காணமுடியாது, விலையும் இல்லை. ஒரு பக்கம், மூன்று படம், "இத்தனை ரூபாவிலிருந்து" என்று ஒரு விலை, வட்ஸ்அப் பொத்தான், இவ்வளவும் போதும். இதைச் செய்தால் விலையை ஏற்றாமலேயே இடம் ஏறும்.

இன்னொரு எச்சரிக்கை. "இலக்கு இம்ப்ரெஷன் பங்கு" என்ற ஏல முறையில் "எப்போதும் முதலாவதாக நிற்கவேண்டும்" என்று சொல்லிவிடலாம். கூகிள் அதற்காக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஏற்றும், உங்கள் 300 ரூபாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கடைப் பெயரைத் தவிர வேறெதற்கும் இதைப் போடவேண்டாம், போட்டாலும் உச்ச விலைக்கு ஒரு வரம்பு வையுங்கள். தொடக்கத்தில் கிளிக்கைக் கூட்டும் முறையை உச்ச விலை வரம்போடு ஓடவிடுங்கள். கொன்வேர்ஷன் ஒழுங்காகச் சேரத் தொடங்கிய பிறகு, ஒரு கொன்வேர்ஷனுக்கு இவ்வளவுதான் என்று இலக்கு வைக்கும் முறைக்கு மாறலாம். அது எந்த இடம் என்று பார்ப்பதில்லை, எந்தத் தேடலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றே பார்க்கிறது.

திருவிழா நெருங்கும்போது, விடுதி அறைகள் நிரம்பத் தொடங்கியவுடன் கிளிக்கின் பெறுமதியைத் திரும்பக் கணக்குப் போடுங்கள். பத்து அறையில் எட்டு ஏற்கெனவே போய்விட்டால், மிச்சம் இரண்டுக்காக மேலே நிற்கத் தேவையில்லை, விலையை இறக்கிவிட்டு அடியில் நிற்கவிடுங்கள். கடைசி அறையும் போன அன்றே விளம்பரத்தை நிறுத்திவிட்டு, தீர்த்தம் முடிந்த மறுநாள் ஊருக்குள் தேடுபவர்களுக்கான கம்பெய்னைக் குறைந்த விலையில் திரும்பத் தொடங்குங்கள்.